தி ஃப்ளிக்கர் போனில் ஏன் எடுபடுவதில்லை: 1960களின் நியூயார்க், ஒரு லட்லோ தெரு வீடு, 60 ஹெர்ட்ஸ்

கேள்வி இதுதான்: "1960களின் நியூயார்க் அண்டர்கிரவுண்ட் பற்றிப் படித்துவிட்டு, டோனி கான்ராடின் 'தி ஃப்ளிக்கர்' படத்தைப் போனில் பார்த்தேன். அரை மணி நேரம் வெள்ளையும் கறுப்பும் மினுக்கின, அவ்வளவுதான். அதே ஆளின் வயலினைக் கேட்டால் சுருதி விலகின மாதிரி இருக்கிறது. இதில் அப்படி என்ன இருக்கிறது? இசைக்காரர்களும் படக்காரர்களும் எப்படி ஒரே ஆட்களாக இருந்தார்கள்? அந்தக் குழுவின் பழைய பதிவுகள் ஏன் கிடைப்பதில்லை?"

படத்தில் குறையில்லை, உங்கள் கண்ணிலும் இல்லை. போனில்தான் சிக்கல். வயலின் விஷயத்தில் சுருதி விலகவில்லை. ஆர்மோனியத்துக்கும் கீபோர்டுக்கும் பழகிய காதுக்குத்தான் அது விலகினது போலக் கேட்கிறது. இரண்டுக்கும் அடியில் ஒரே கணக்கு ஓடுகிறது. அதைப் பிடித்துக்கொண்டால் "ஒரே ஆட்கள் எப்படி" என்ற கேள்வி பெரும்பாலும் தீர்ந்துவிடும். படம் அந்த இசையிலிருந்து கிளம்பியது என்பதால் இசையிலிருந்தே தொடங்குகிறேன்.

இசையமைப்பாளர் லா மாண்ட் யங் 1960இல் எழுதிய ஓர் ஆக்கம் இரண்டே ஸ்வரங்கள்: பி, எஃப் ஷார்ப். கீழே, நெடுநேரம் பிடித்திருக்க வேண்டும் என்று ஒரு குறிப்பு. நம் பாஷையில் சொன்னால் ஏழு கட்டையில் ஒரு சட்ஜமம், அதன் பஞ்சமம், மற்றபடி ஒன்றும் இல்லை. அந்த ஆண்டு டிசம்பரில் சேம்பர்ஸ் தெரு 112ஆம் எண் கட்டடத்தில், யோகோ ஓனோ வாடகைக்கு எடுத்திருந்த மாடியில், இவ்வகைக் கச்சேரிகள் தொடங்கி அடுத்த கோடை வரை நடந்தன. பழைய பண்டகசாலை மாடி அது. அரங்கம் வாடகைக்கு எடுக்கக் காசில்லாதவர்கள் குடியிருக்கும் இடத்திலேயே கச்சேரி வைத்தார்கள். பின்னால் படம் காட்டியதும் இப்படித்தான்.

1963வாக்கில் யங்கின் குழு ஓர் உருவத்துக்கு வந்தது. யங்கும் அவர் மனைவி மரியன் ஜஸீலாவும் குரல், ஆங்கஸ் மக்லீஸ் கை மத்தளம், ஹார்வர்டில் கணிதம் படித்துவிட்டு வந்த கான்ராட் வயலின், வேல்ஸ் நாட்டிலிருந்து இசை படிக்க வந்த ஜான் கேல் வயோலா (வயலினைவிடச் சற்றுப் பெரிய வாத்தியம்). குழுவுக்கு இரண்டு பெயர்கள்: தியேட்டர் ஆஃப் எடர்னல் மியூசிக், டிரீம் சிண்டிகேட். எந்தப் பெயரைச் சொல்கிறீர்கள் என்பதை வைத்தே நீங்கள் யார் பக்கம் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். அந்தத் தகராறைக் கடைசியில் சொல்கிறேன்.

கேல் வந்த அதே 1963 செப்டம்பரில், இசையமைப்பாளர் ஜான் கேஜ் ஏற்பாட்டில், பிரெஞ்சு இசையமைப்பாளர் எரிக் சாத்தியின் ஒரு சிறு பியானோ துண்டை 840 தடவை திரும்பத் திரும்ப வாசித்தார்கள். பியானோக்காரர்கள் முறை வைத்து மாறினார்கள், கேலும் அதில் ஒருவர். 18 மணி நேரத்துக்கு மேல் ஓடியது. நுழைவு 5 டாலர். உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு 20 நிமிடத்துக்கும் 5 சென்ட் திரும்பத் தருவார்கள். 18 மணி 40 நிமிடம் அசையாமல் இருந்தாலும் இந்தக் கணக்கில் வருவது 2 டாலர் 80 சென்ட்தான். நேரத்துக்கு விலை போடுகிற இந்தக் குசும்பு அந்தக் காலத்து மனநிலைக்கு நல்ல மாதிரி.

யங்கின் குழுவில் கான்ராட் செய்த முக்கியமான காரியம், எந்தச் சுருதியில் வாசிக்கிறோம் என்பதை எண்களாகச் சொன்னது. பியானோவில் ஒரு ஸ்தாயியை 12 சமத் துண்டுகளாக வெட்டியிருக்கிறார்கள். கான்ராட் வந்தபின் இவர்கள் முழு எண் விகிதங்களில் சுருதி சேர்த்தார்கள்: 3:2, 9:8, 7:4, 7:6 என்று. பெரும்பாலும் 2, 3, 7 ஆகிய பகா எண்களை வைத்தே ஆட்டம். 5ஐத் தள்ளி வைத்தார்கள். 5:4 என்பது அந்தர காந்தாரம். நன்றாகச் சுருதி சேர்த்த தம்புராவில் யாரும் மீட்டாமல் தானே எழுமே, சுயம்பு காந்தாரம், அதுதான். நம் காதுக்கு இனிப்பான அந்த ஸ்வரத்தையே இவர்கள் வேண்டாம் என்றார்கள். பதிலுக்கு 7:4 என்ற நிஷாதத்தை நடுவில் வைத்தார்கள். அது பியானோவின் அதே ஸ்வரத்தைவிட 31 சென்ட் கீழே இருக்கிறது. இரண்டு அடுத்தடுத்த கட்டைகளுக்கு நடுவே 100 சென்ட் என்றால், கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. கர்னாடக இசையின் 22 சுருதிப் பட்டியலில் கைசிகி நிஷாதத்துக்கு 16:9, 9:5 என்று சொல்வார்கள். 7:4 அதிலும் கிடையாது. உங்களுக்கு "விலகின மாதிரி" கேட்டதற்குக் காரணம் இதுதான்.

இதைச் சோதித்துப் பார்க்கலாம். டோன் ஜெனரேட்டர் ஆப் ஏதாவது ஒன்றில் 240, 360, 420 ஹெர்ட்ஸ் மூன்றையும் சேர்த்து ஒலிக்கவிடுங்கள். 240 சட்ஜமம், 360 பஞ்சமம், 420 அந்த 7:4 நிஷாதம். முதல் பத்து விநாடி ஏதோ புளிப்பாக இருக்கும், பிறகு மூன்றும் ஒட்டி ஒரே பாறை மாதிரி நிற்கும். இப்போது 420ஐ மட்டும் 427.6 ஆக்குங்கள். இது பியானோவின் சுருதி. உடனே ஒரு கரகரப்பு வரும். ஏன் என்றால், 240இன் ஏழாவது மேற்சுரம் 1680, 427.6இன் நான்காவது மேற்சுரம் 1710.4, இரண்டும் மோதி விநாடிக்கு 30 தடவை அதிர்கிறது. 420இல் நான்காவது மேற்சுரம் சரியாக 1680. மோதல் இல்லை.

இதில் இரண்டு இடத்தில் வழுக்கும். ஒன்று, ஆப் தரும் சுத்த சைன் அலையில் மேற்சுரமே கிடையாது, ஆகவே மோதலும் மெலிதாகத்தான் கேட்கும். சாடூத் அலையைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு, ஒரு காதில் ஒரு ஸ்வரம், மறு காதில் இன்னொன்று என்று ஹெட்ஃபோனில் பிரித்துக் கேட்காதீர்கள். அந்த மோதல் காற்றில் நடக்க வேண்டும். மூன்றும் ஒரே ஸ்பீக்கரிலிருந்து வரட்டும். போன் ஸ்பீக்கரில் 120 ஹெர்ட்ஸ் அநேகமாகக் கேட்காது என்பதால்தான் 240இல் தொடங்கச் சொன்னேன். குழு வாசித்த வீச்சோ இதைவிடக் கீழே.

அந்தக் கீழ்ச்சுருதிக்கு ஒரு வேடிக்கையான பூர்வீகம் உண்டு. யங் ஆமை வளர்த்தார். ஆமைத் தொட்டியின் மோட்டார் ஓயாமல் ரீங்கரித்தது. அமெரிக்காவில் வீட்டு மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். தொட்டி மோட்டார், ஃபிரிட்ஜ், ஆம்ப்ளிஃபையர் எல்லாம் அதன் மடங்குகளில்தான் முனகும். அதை எதிர்த்து என்ன பயன் என்று அதையே சட்ஜமமாக வைத்துக்கொண்டார்கள். 60 ஹெர்ட்ஸ் என்பது ஆறரைக் கட்டைக்கும் ஏழு கட்டைக்கும் கிட்டத்தட்ட நட்டநடுவில். பியானோவில் அந்த இடத்தில் கட்டையே கிடையாது. சென்னையில் யாராவது இதே வேலையைச் செய்தால் 50 ஹெர்ட்ஸில் உட்கார வேண்டும். அது ஐந்து கட்டைக்குக் கொஞ்சம் மேலே, ஐந்தரைக்குக் கீழே வரும்.

கேல் தன் வயோலாவின் குதிரையை (தந்திகளைத் தாங்கும் கட்டை) தட்டையாக அராவிவிட்டார். வழக்கமான குதிரை வளைவாக இருக்கும், வில் ஒரு நேரத்தில் ஒன்று அல்லது இரண்டு தந்திகளைத்தான் தொடும். தட்டையாக்கினால் மூன்றைச் சேர்த்து இழுக்கலாம். அதில் எலக்ட்ரிக் கிதார் தந்திகளையும் மாட்டினார். குதிரையின் வடிவம்தான் ஒலியைத் தீர்மானிக்கிறது என்று, தம்புராவில் ஜீவா நூலை மயிரிழை நகர்த்திப் பழகியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எல்லாவற்றையும் ஆம்ப்ளிஃபையரில் ஏற்றி மிகச் சத்தமாக வாசித்தார்கள். அது வெறும் முரட்டுத்தனம் அல்ல. சத்தம் கூடும்போது, 360க்கும் 420க்கும் உள்ள வித்தியாசமான 60ஐக் காது தானே உண்டாக்கிக் கேட்கிறது; யாரும் வாசிக்காத கார்வை அடியில் எழும்புகிறது. இதை வீட்டில் செய்ய நினைப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் தாங்கும் காது, மூன்று டெசிபல் ஏறும்போதெல்லாம் பாதி நேரம்தான் தாங்கும். 100 டெசிபலில் கால் மணி நேரம்தான் கணக்கு.

கான்ராடும் கேலும் குடியிருந்தது லோயர் ஈஸ்ட் சைடில், 56 லட்லோ தெரு. வாடகை மாதம் சுமார் 25 டாலர். மக்லீஸ் அதே வட்டாரம். நடிகரும் புகைப்படக்காரரும் படமெடுப்பவருமான ஜாக் ஸ்மித் அந்த வீட்டுக்கு வந்துபோகிறவர், சில காலம் அங்கேயே தங்கியவர். "இரண்டு துறைகளும் சந்தித்தன" என்று கலை வரலாற்றில் எழுதுவார்கள். உண்மையில் சந்தித்தது வாடகைதான். ஸ்மித்துக்குப் படத்துக்கு ஒலி வேண்டும், பக்கத்து அறையில் டேப் ரெக்கார்டரும் கையுமாகக் கான்ராட் இருக்கிறார்.

அப்படி வந்த படம் 'ஃப்ளேமிங் கிரீச்சர்ஸ்'. 1962 கோடையில், கிராண்ட் தெருவின் விண்ட்சர் தியேட்டர் மொட்டை மாடியில் எடுத்தது. ஃபிலிம், காலாவதியான கழிவுச் சரக்கு. படத்தில் முகங்களும் துணிகளும் பாலில் கரைந்த மாதிரி வெளிறி இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். நேரடியாகப் பாஸிட்டிவாகக் கழுவும் ரிவர்ஸல் ஃபிலிம் பழசானால் கறுப்பு செத்துவிடும். வைத்திருந்த காலத்தில் தானே ஏறும் மூட்டம், கழுவிய பின் அடர்கறுப்பாக வரவேண்டிய இடங்களைச் சாம்பலாக்கிவிடுகிறது. நெகட்டிவ் ஃபிலிமில் பத்தாண்டுக்கு ஒரு ஸ்டாப் (அதாவது இரு மடங்காக) கூடுதல் வெளிச்சம் கொடு என்று ஒரு கைக்கணக்கு உண்டு. அதை ரிவர்ஸலுக்கு அப்படியே கொண்டுபோனால் இன்னும் வெளிறும், அதில் அளவோடு நிறுத்த வேண்டும். ஸ்மித் மொட்டை மாடி வெயிலில் வெள்ளைத் துணிகளை வைத்து எடுத்தார். தடை எல்லாவற்றையும் அழகாக்கிக்கொண்டார் என்றுதான் சொல்ல வேண்டும்.

1963 ஏப்ரலில் பிளீக்கர் தெரு தியேட்டரில் நள்ளிரவுக் காட்சி. 1964 மார்ச்சில் வேறொரு தியேட்டரில் போலீஸ் புகுந்து படத்தையும் புரொஜக்டரையும் தூக்கிக்கொண்டு போனது. படம் காட்டியதற்காக ஜோனஸ் மேகஸ், கென் ஜேக்கப்ஸ், டிக்கெட் கவுண்டரில் இருந்த ஃப்ளோரன்ஸ் கார்ஃப் மூவரும் கைது. ஆபாசப் படம் காட்டிய குற்றம் உறுதியானது, தண்டனை நிறுத்தி வைக்கப்பட்டது. மேல்முறையீடு உச்சநீதிமன்றம் வரை போய் 1967இல் தள்ளுபடியானது. வேடிக்கை என்னவென்றால், அடுத்த ஆண்டு ஏப் ஃபோர்டஸ் என்ற நீதிபதியைத் தலைமை நீதிபதி ஆகவிடாமல் தடுக்க, அந்தப் படத்துக்குச் சாதகமாக இருந்தவர் இவர் என்று சொல்லி, செனட்டர்களுக்கே படத்தைப் போட்டுக் காட்டினார்கள்.

மேகஸ் என்ற பெயர் வந்துவிட்டது. இந்த வரலாற்றில் ஒரே ஒருவரைப் பற்றித்தான் நேரம் இருக்கிறது என்றால் அவரைப் படியுங்கள். லிதுவேனியாவிலிருந்து போர் அகதியாக 1949இல் நியூயார்க் வந்தவர். 'ஃபிலிம் கல்ச்சர்' பத்திரிகை, 1958 முதல் 'வில்லேஜ் வாய்ஸ்' வாரப் பத்தி, எல்லாவற்றுக்கும் மேலாக 1962 ஜனவரியில் தொடங்கிய, படங்களை வாடகைக்கு விடும் ஃபிலிம்மேக்கர்ஸ் கோஆபரேட்டிவ். அலுவலகம் என்று பெரிதாக ஒன்றுமில்லை, பார்க் அவென்யூ சவுத் 414இல் அவர் குடியிருந்த மாடிதான்.

அதன் விதிகள் எளிமையானவை, ஆனால் அவைதான் மொத்தக் கட்டடத்தையும் தாங்கின. படம் எடுத்த யார் வேண்டுமானாலும் பிரிண்டைக் கொண்டுவந்து வைக்கலாம். தேர்வுக் குழு கிடையாது. பிரிண்ட் எடுத்தவருக்கே சொந்தம். வாடகையை எடுத்தவரே நிர்ணயிப்பார், பெரும்பங்கு அவருக்கே போகும், மீதி கோஆபரேட்டிவ் செலவுக்கு. வேறு யாரிடமும் கொடுக்கக்கூடாது என்ற கட்டுப்பாடு இல்லை. பட்டியலில் எல்லாப் படமும் ஒரே மரியாதையோடு நிற்கும். தேர்வுக் குழு இருந்திருந்தால் முப்பது நிமிடம் வெறும் கறுப்பு வெள்ளை என்று ஒருவர் கொண்டுவந்தபோது வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பார்கள். இந்த அமைப்பைப் பார்த்துத்தான் 1966 அக்டோபரில் லண்டனில் ஒன்று தொடங்கியது.

இனி ஃப்ளிக்கர். 1963இலேயே லட்லோ தெரு வீட்டில் ஒரு பழைய 16 மில்லிமீட்டர் புரொஜக்டரை, லென்ஸைக் கழற்றிவிட்டு, வேகத்தைக் குறைத்து ஓடவிட்டார்கள். ஸ்மித்தின் நடிகர் மாரியோ மான்டெஸ் அந்த மினுக்கலில் நின்றார். படம் இல்லாமல் வெறும் வெளிச்சத்தின் துடிப்பே முகத்தை என்னவோ செய்வதைக் கான்ராட் கவனித்தார். மினுக்கல் நரம்பு மண்டலத்தை என்ன செய்கிறது என்பதை ஹார்வர்டில் படித்திருந்தார் வேறு. 1966இல் படம் முடிந்து வெளியானது.

கணக்கு இப்படி. விநாடிக்கு 24 ஃப்ரேம். ஒரு வெள்ளை, ஒரு கறுப்பு என்று மாற்றினால் விநாடிக்கு 12 மினுக்கல். ஒரு வெள்ளை, இரண்டு கறுப்பு என்றால் 8. இரண்டு வெள்ளை, இரண்டு கறுப்பு என்றால் 6. ஒரு வெள்ளை, ஐந்து கறுப்பு என்றால் 4. இப்போது அந்த எண்களைப் பாருங்கள்: 12க்கும் 6க்கும் ஒரு ஸ்தாயி, 12க்கும் 8க்கும் 3:2, அதாவது பஞ்சமம், 8க்கும் 6க்கும் 4:3, மத்தியமம். வயலினில் செய்த அதே விகிதங்கள், கண்ணுக்கு. படத்தில் இப்படி 47 அமைப்புகள் இருக்கின்றன. வேகமாகத் தொடங்கி, படிப்படியாக விநாடிக்கு 4 வரை இறங்கி, திரும்ப ஏறிப்போகிறது. கூடவே அவர் கட்டிய மின்னணுக் கருவியின் ஒலி, தாளத்துக்கும் சுருதிக்கும் நடுவே எங்கோ படபடத்துக்கொண்டிருக்கும். விநாடிக்கு இருபதுக்குக் கீழே இருந்தால் காது அடிகளாக எண்ணுகிறது, மேலே போனால் சுருதியாகக் கேட்கிறது. அந்த எல்லையிலேயே நிற்கும் ஒலி.

இருட்டான அரங்கில் பார்த்தவர்கள் நிறங்கள் தெரிந்தன, சுழல்கள் தெரிந்தன என்று சொல்வார்கள். ஃபிலிமில் நிறமே கிடையாது. மூளையின் பார்வைப் பகுதி உற்பத்தி செய்வது அது. அதற்கு இரண்டு நிபந்தனைகள்: வெளிச்சம் பார்வைப் பரப்பு முழுவதையும் நிரப்ப வேண்டும், துடிப்பு துல்லியமாகச் சம இடைவெளியில் இருக்க வேண்டும். போன் இரண்டிலும் தோற்கிறது.

முதலாவது எளிது. கையெட்டும் தூரத்தில் பிடித்த போன் உங்கள் பார்வைப் பரப்பில் ஒரு சின்ன ஜன்னல். சுற்றிலும் அறை, விளக்கு, கட்டைவிரல் எல்லாம் அசையாமல் நிற்கும். தியேட்டரில் திரை மட்டும் மினுக்குவதில்லை. சுவர், கூரை, முன்வரிசைக்காரர் வழுக்கை எல்லாம் சேர்ந்து மினுக்கும்.

இரண்டாவதில்தான் நுட்பம். பெரும்பாலான திரைகள் விநாடிக்கு 60 தடவை புதுப்பிக்கின்றன. 60ஐ 24ஆல் வகுத்தால் இரண்டரை. அரைத் தடவை என்று ஒன்று இல்லாததால் ஒரு ஃப்ரேமை மூன்று தடவையும் அடுத்ததை இரண்டு தடவையும் காட்டுகிறது. அதாவது ஒன்றுக்கு 50 மில்லிவிநாடி, அடுத்ததற்கு 33. சாதாரணப் படத்தில் யாருக்கும் தெரியாது. இங்கே ஒரு வெள்ளை, இரண்டு கறுப்பு என்ற அமைப்பில் ஒரு வெள்ளை நீளமாகவும் அடுத்த வெள்ளை குட்டையாகவும் நொண்டும். தாளம் போச்சு. 120 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃப்ரேமுக்குச் சரியாக ஐந்து தடவை, அங்கே இந்தக் கோளாறு வராது, போன் தானாகப் புதுப்பிப்பு வேகத்தை மாற்றாமல் இருந்தால். அடுத்தது, இணையக் காணொளிகள் சில 25 ஃப்ரேமுக்கு மாற்றப்பட்டவை. 30 நிமிடப் படம் 28 நிமிடம் 48 விநாடியில் முடிந்தால் அதுதான் காரணம். 30 ஃப்ரேமுக்கு மாற்றியதில் வெள்ளையும் கறுப்பும் கலந்து சாம்பல் ஃப்ரேம்கள் நடுவே புகுந்திருக்கும். நிறுத்தி, ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்திப் பார்த்தால் அகப்படும். சாம்பல் தென்பட்டால் அந்தக் காணொளியை மூடிவிடுங்கள்.

எங்காவது 16 மில்லிமீட்டர் பிரிண்டோடு திரையிடும் வாய்ப்பு வந்தால் சில விஷயங்கள். ஒரு அடியில் 40 ஃப்ரேம். 30 நிமிடம் என்றால் 43,200 ஃப்ரேம், 1,080 அடி. 1,200 அடி ரீலில் அடங்கும், நடுவில் நிறுத்த வேண்டியதில்லை. பிரிண்ட் எங்காவது அறுந்திருந்தால் ஒட்டும்போது ஒரு ஃப்ரேம்கூட விடக்கூடாது. கதைப் படத்தில் இரண்டு ஃப்ரேம் போனால் எவருக்கும் தெரியாது; இங்கே தாளத்தில் ஓர் அட்சரம் விழுந்த மாதிரி உறைக்கும். சேதமான இடத்துக்கு அதே எண்ணிக்கையில் அதே நிற லீடரை (வெற்று ஃபிலிம்) போட வேண்டும். அடுத்தது ஒலி: 16 மில்லிமீட்டர் ஆப்டிகல் ட்ராக்கில் ஒலி படத்தைவிட 26 ஃப்ரேம் முன்னால் இருக்கும். புரொஜக்டரில் கீழ் லூப்பை (ஃபிலிமின் தளர்வான வளைவு) கூடவோ குறையவோ விட்டால் இந்த இடைவெளி மாறி, ஒலி ஒரு பக்கம், மினுக்கல் ஒரு பக்கம் என்று போகும். வாயசைவு இல்லாத படம் என்பதால் யாருக்கும் சொல்லத் தெரியாது, ஆனால் எடுபடாது. வெள்ளை ஃப்ரேமில் தூசி பளிச்சென்று தெரியும் என்பதால் ஃபிலிம் ஓடும் கேட்டை ஒவ்வொரு காட்சிக்கும் முன் துடைத்தே ஆகவேண்டும்.

இதைவிட முக்கியம் எச்சரிக்கை. படமே அதோடுதான் தொடங்குகிறது: வலிப்பு வரலாம், பொறுப்பு எங்களுடையதல்ல, மருத்துவர் ஒருவர் உடனிருப்பது நல்லது என்கிற பொருளில். விளம்பரத் தந்திரம் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. விநாடிக்கு மூன்று மினுக்கலுக்கு மேல் போகக்கூடாது என்பதே இன்றைய காட்சி ஊடகப் பாதுகாப்பு விதி. இந்தப் படத்தின் மிக மெதுவான இடமே நான்கு. தனக்கு இந்தக் கூறு இருப்பதே தெரியாமல் வருகிறவர்கள் உண்டு. டிக்கெட் கொடுக்கும்போதே வாயால் சொல்லுங்கள், வெளியேறும் வழியை மறைக்காதீர்கள், ஹாலுக்குள் ஒருவர் பார்வையாளர்கள் பக்கம் திரும்பி உட்காரட்டும். ஒருமாதிரி இருந்தால் கண்ணை மூடினால் போதாது, இமை வழியாக வெளிச்சம் போகும். ஓர் உள்ளங்கையால் ஒரு கண்ணை முழுக்கப் பொத்திக்கொண்டு திரையிலிருந்து திரும்ப வேண்டும்.

கறுப்பு வெள்ளை ஃப்ரேம்கள் மட்டும் வைத்துப் படம் எடுத்தது கான்ராட்தான் முதல் என்று சிலர் எழுதுவார்கள், அது தவறு. வியன்னாவின் பீட்டர் குபெல்கா 1960இலேயே 'ஆர்னுல்ஃப் ரைனர்' என்ற படத்தை முடித்துவிட்டார்: 24 முறை 24 முறை 16, ஆக 9,216 ஃப்ரேம், 6 நிமிடம் 24 விநாடி. ஒலியும் அப்படியே, இரைச்சல் அல்லது மௌனம். ஆனால் அவர் செய்வது கட்டடக் கலை. கான்ராட் செய்வது சுருதி. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் ஒரே பொருளில் இவ்வளவு வேற்றுமையா என்று தோன்றும்.

பாப் ஓவியர் ஆண்டி வார்ஹால் இந்தக் கூட்டத்தில்தான் படமெடுக்கப் பழகினார். தூங்குகிற ஒருவரை 5 மணி 21 நிமிடம் காட்டும் 'ஸ்லீப்' 1964 ஜனவரியில் மேகஸ் ஏற்பாட்டில் திரையிடப்பட்டது. வந்தவர்கள் ஒன்பது பேர், முதல் மணி நேரத்திலேயே இருவர் எழுந்து போய்விட்டார்கள். அதே ஜூலையில் டைம் லைஃப் கட்டடத்தின் 41ஆம் மாடியிலிருந்து எம்பயர் ஸ்டேட் கட்டடத்தை இரவெல்லாம் எடுத்த 'எம்பயர்' படத்துக்குக் கேமராவைப் பார்த்துக்கொண்டவர் மேகஸ். இங்கேயும் கணக்குதான் அழகு. எடுத்தது விநாடிக்கு 24 ஃப்ரேமில். காட்ட வேண்டியது 16இல். ஐந்தரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக எடுத்தது 8 மணி 5 நிமிடமாக நீள்வது அதனால். 1,200 அடி மேகசின் எடுக்கும்போது 33 நிமிடம் 20 விநாடி, காட்டும்போது 50 நிமிடம். பின்னாள் புரொஜக்டர்கள் பலவற்றில் 16 என்ற வேகமே இல்லை, 18உம் 24உம்தான். 18இல் ஓட்டினால் 'எம்பயர்' 7 மணி 11 நிமிடத்தில் முடிந்துவிடும். டிஜிட்டல் பிரதிகளில் 24இல் ஓடுவதும் உண்டு. அப்போது விளக்குகள் எரிவது, அணைவது எல்லாம் சாதாரண வேகத்தில் நடக்கும், அந்த நீருக்கடியில் இருக்கிற மாதிரியான மந்தம் போய்விடும்.

வெல்வெட் அண்டர்கிரவுண்ட் என்ற ராக் குழுவின் கதை பலருக்கும் தெரிந்தது என்பதால் சுருக்கிவிடுகிறேன். 1964இல் பிக்விக் என்ற மலிவு இசைத்தட்டுக் கம்பெனிக்காக பாடகர் லூ ரீட் ஒரு நடனப் பாட்டை எழுதி, கிதாரின் எல்லாத் தந்தியையும் ஒரே ஸ்வரத்துக்குச் சேர்த்து வாசித்திருந்தார். அதை மேடையில் வாசிக்க ஆள் தேவைப்பட்டு அமர்த்தப்பட்டவர்கள் கேல், கான்ராட், சிற்பி வால்ட்டர் டி மரியா. தாங்கள் அறிவாளித்தனமாகக் கணக்குப் போட்டுச் செய்வதை ஒருவர் விளையாட்டாகச் செய்திருக்கிறாரே என்று கேலுக்கு ஆர்வம். கேலும் ரீடும் சேர்ந்தார்கள். குழுவின் பெயர், கான்ராட் கொண்டுவந்து வீட்டில் போட்டிருந்த ஒரு மலிவுப் பதிப்புப் புத்தகத்தின் தலைப்பு. முதலில் அவர்கள் வாசித்தது அண்டர்கிரவுண்ட் படக் காட்சிகளில், திரைக்குப் பின்னால் நின்று. 1965 டிசம்பரில் நியூ ஜெர்சியின் ஒரு பள்ளியில் 75 டாலருக்கு முதல் சம்பளக் கச்சேரி வந்தபோது, எப்போது தொடங்கணும் எப்போது நிறுத்தணும் என்று இன்னொருவன் சொல்வதா என்று மக்லீஸ் விலகிவிட்டார். அவர் இடத்துக்கு மோரீன் டக்கர் வந்தார். மக்லீஸ் பின்னர் காத்மாண்டு போய் அங்கேயே 1979இல் இறந்தார். நெடுநேரம் பிடித்திருக்கிற அந்த வயோலா, முதல் தட்டின் 'வீனஸ் இன் ஃபர்ஸ்' பாட்டில் அப்படியே இருக்கிறது. இரைச்சல் என்று பலரும் சொல்வது, விகிதம் தப்பாத ஒரு கார்வை.

படமும் இசையும் வேறு மாதிரியும் பின்னின. கனடாக்காரர் மைக்கேல் ஸ்னோ 1964 ஜூலையில் ஜாஸ் கலைஞர் ஆல்பர்ட் ஐலர் குழுவின் இசையை முதலில் பதிவுசெய்து வைத்துக்கொண்டு, அதற்கப்புறம் ஒரு படத்தை முடித்தார். 1967இல் வந்த அவருடைய 'வேவ்லெங்த்' ஒரு மாடி அறையை 45 நிமிடம் மெல்ல ஸூம் செய்துகொண்டே போகிறது. கூடவே ஒரு சைன் அலை 50 ஹெர்ட்ஸிலிருந்து 12,000 வரை ஏறுகிறது. 16 மில்லிமீட்டர் ஆப்டிகல் ஒலி ஆறேழாயிரத்துக்கு மேல் நலிந்துவிடும். லேப்டாப் ஸ்பீக்கரிலோ தொடக்கமே கேட்காது. எதில் பார்த்தாலும் ஒரு முனை போய்விடுகிறது, நல்ல ஹெட்ஃபோன் தேவலை.

1970 கடைசியில் இவ்வகைப் படங்களைப் பாதுகாத்துக் காட்டும் ஆந்தாலஜி ஃபிலிம் ஆர்க்கைவ்ஸ் திறந்தபோது குபெல்கா வடிவமைத்த அரங்கில் எல்லாமே கறுப்பு. பக்கத்து ஆள் கண்ணில் படாதபடி ஒவ்வொரு இருக்கைக்கும் மறைப்பு. அதோடு ஒரு தேர்வுக் குழுவும் வந்தது, எது அவசியமான சினிமா என்று பட்டியல் போட. கோஆபரேட்டிவ் எதைச் செய்யமாட்டோம் என்றதோ அதே காரியம். அந்தப் பட்டியலால் பல படங்கள் பாதுகாக்கப்பட்டன, உண்மை. பட்டியலில் இல்லாதவர்கள் பாடத்திட்டங்களிலிருந்தே காணாமல் போனதும் உண்மை. இதில் என் சாய்வு கோஆபரேட்டிவ் பக்கம்.

கடைசியாகப் பதிவுகள். 1960களில் குழு ஒத்திகையும் கச்சேரியுமாக நிறைய டேப் பதிந்தது. டேப்புகள் யங்கிடம் இருந்தன. ஆக்கியவன் நான், மற்றவர்கள் வாசித்தவர்கள் என்பது யங் கட்சி. தாளில் எழுதின இசையே இல்லை, எல்லாரும் சேர்ந்து கண்டுபிடித்தது, எனவே எல்லாருக்கும் பங்கு என்பது கான்ராட், கேல் கட்சி. தியேட்டர் ஆஃப் எடர்னல் மியூசிக் என்றால் யங் பக்கம், டிரீம் சிண்டிகேட் என்றால் மற்ற இருவர் பக்கம். 1990இல் பஃபலோவில் யங் கச்சேரிக்கு வெளியே கான்ராட் அட்டை பிடித்து நின்றார். 2000இல் டேபிள் ஆஃப் தி எலிமெண்ட்ஸ் நிறுவனம் 1965 ஏப்ரல் 25ஆம் தேதியின் டேப் பிரதி ஒன்றை 'டே ஆஃப் நயாகரா' என்று வெளியிட்டது. உரிமையும் இல்லை, ஒலித் தரமும் இல்லை என்று யங் கடுமையாக மறுத்தார். ஒலியைப் பொறுத்தவரை அவர் சொன்னதில் நியாயம் உண்டு: பிரதியின் பிரதி, மேற்சுரங்கள் மங்கிப்போய்க் குரல்கள் பின்னால் எங்கோ கிடக்கின்றன. விகிதங்களையே நம்பி நிற்கும் இசைக்கு மேற்சுரம் போனால் பாதி உயிர் போச்சு. கான்ராட் 2016இல் இறந்தார், தகராறு தீரவில்லை.

அதனால் கேட்க நினைத்தால் அதிலிருந்து தொடங்காதீர்கள். ஜெர்மன் குழு ஃபவுஸ்டுடன் கான்ராட் 1972இல் பதிந்த 'அவுட்சைட் தி டிரீம் சிண்டிகேட்' முதலில். டிரம்ஸ் ஒரே அடியை அடித்துக்கொண்டிருக்க மேலே வயலின். அடுத்து 1964 டிசம்பரில் அவர் தனியாக நான்கு அடுக்காகப் பதிந்த 'ஃபோர் வயலின்ஸ்'. ஹெட்ஃபோன் வேண்டாம், ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அறைக்குள் நடந்து பாருங்கள். சுவர் ஓரம் ஒரு ஸ்வரம் பெருகும், இரண்டடி நகர்ந்தால் அது போய் வேறொன்று வரும். தலையை ஒரு சாண் சாய்த்தாலே மாறும்.